எத்தனை ஜிபி என்பதைக் கடைசியில் கேளுங்கள்: வயலுக்குப் போகும் கருவிக்கு எந்த மெமரி?

கும்பகோணத்தில் சின்னப் பட்டறை வைத்து, பம்பு செட்டுக்கும் ரைஸ் மில்லுக்கும் டேட்டா பதிவு செய்யும் கருவிகள் செய்து கொடுக்கிறேன். கழற்றி எடுத்துப் போகிற மெமரியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மன்னார்குடி, பொறியியல் இறுதியாண்டு மாணவர்: அண்ணா, வயலில் நீர்மட்டம் அளக்கும் கருவி செய்கிறேன். நிமிடத்துக்கு ஒரு பதிவு. 64 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்டு போதுமா?

தம்பி, முதலில் கணக்குப் போட்டுப் பார். ஒரு பதிவு 32 பைட் என்று வை. ஒரு நாளைக்கு 1,440 பதிவு, அதாவது 46,080 பைட். டபிள்யூ25கியூ64 மாதிரி 8 எம்பி ஃபிளாஷ் சிப் ஒன்றிலேயே 182 நாள் அடங்கிவிடும். சிஆர் 1009 போன்ற நீண்ட கால நெல் ரகம் போட்டாலும் சம்பா அறுப்பு முடிந்து மிச்சம் இருக்கும். அந்தச் சிப்பை 4 கேபி துண்டு துண்டாக அழிக்கலாம். ஒவ்வொரு துண்டும் 1,00,000 தடவை அழித்தெழுதத் தாங்கும். சுற்றிச் சுற்றி எழுதினால் ஒரு துண்டின் முறை 182 நாளுக்கு ஒருமுறைதான் வரும். தேய்மானத்தைப் பற்றி நீ யோசிக்கவே வேண்டாம்.

அதனால் பதிவு முழுக்க போர்டில் சால்டர் வைத்த சிப்பில் இருக்கட்டும். கார்டு வெறும் தூதுவன். பட்டனை அழுத்தினால் சிப்பில் இருப்பதை வாங்கிக்கொண்டு போகட்டும், அவ்வளவுதான். கார்டு தொலைந்தாலும் டேட்டா வயலிலேயே பத்திரமாக இருக்கும். 64 ஜிபி எதற்கு? கார்டில் கோப்புகளை அடுக்கும் முறை 32 ஜிபி வரை ஃபேட்32 போதும். அதற்கு மேல் போனால் எக்ஸ்ஃபேட், உன் சின்ன கன்ட்ரோலருக்கு அது வீண் சுமை.

பாபநாசம், பம்பு செட் ஸ்டார்ட்டர் வேலை செய்பவர்: சார், கரன்ட் போய் வந்தால் கார்டு காலி. கம்ப்யூட்டரில் போட்டால் "ஃபார்மட் செய்யவா" என்று கேட்கிறது. மூன்று கம்பெனி கார்டு மாற்றிப் பார்த்துவிட்டேன். எந்தக் கம்பெனி நல்ல கம்பெனி?

நான்காவது கம்பெனிக்கு மாறினாலும் இதேதான் நடக்கும். கோளாறு கார்டில் இல்லை, உங்கள் சப்ளையில் இருக்கிறது.

நீங்கள் ஒரு வரி எழுதச் சொன்னாலும், கார்டுக்குள் இருக்கும் கன்ட்ரோலர் பெரிய பெரிய கட்டங்களை அழித்து, பழையதை வேறு இடத்துக்கு நகர்த்தி, கூடவே எந்த டேட்டா எங்கே இருக்கிறது என்ற அட்டவணையையும் மாற்றி எழுதுகிறது. அட்டவணை பாதி எழுதியிருக்கும்போது கரன்ட் போனால், உள்ளே டேட்டா இருந்தும் வழி தெரியாமல் போய்விடும். 32 ஜிபி வரையிலான கார்டுகள் ஒரு எழுத்துக்கு 250 மில்லி செகண்ட் வரை எடுத்துக்கொள்ள எஸ்டி விதிமுறையே இடம் கொடுக்கிறது. அத்தனை நேரம் உங்கள் போர்டு உயிரோடு இருக்க வேண்டும்.

இருக்கிறதா, பார்ப்போம். 5 வோல்ட் சப்ளை, கரன்ட் திரும்பிப் போகாமல் தடுக்கும் ஷாட்கி டயோடில் 0.3 போனால் 4.7. ரெகுலேட்டர் 3.5 வரை தாங்கும் என்று வைத்தால் கையில் இருப்பது 1.2 வோல்ட். போர்டு 100 மில்லி ஆம்பியர் இழுத்தால், வழக்கமாகப் போடும் 4,700 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் 56 மில்லி செகண்ட்தான் தாங்கும். 250க்கு ஏறக்குறைய 21,000 மைக்ரோ ஃபாரட் வேண்டும். அதற்கு சூப்பர் கெப்பாசிட்டர்தான் வழி. 2.7 வோல்ட், 1 ஃபாரட் இரண்டை வரிசையாகப் போட்டால் 0.5 ஃபாரட், 6 செகண்ட் கிடைக்கும். இரண்டுக்கும் மின்னழுத்தம் சமமாகப் பிரிய ரெசிஸ்டர் வையுங்கள். சார்ஜ் ஆகும்போது சப்ளையை இழுத்துவிடாமல் கரன்ட் கட்டுப்பாடும் வேண்டும். காசு வடிவத்தில் வரும் 5.5 வோல்ட் சூப்பர் கெப்பாசிட்டரை இதற்கு வாங்கிவிடாதீர்கள். அதன் உள் தடை பல ஓம். 100 மில்லி ஆம்பியர் கேட்ட உடனே வோல்டேஜ் படுத்துவிடும். அது கடிகாரச் சிப்பை உயிரோடு வைப்பதற்கு.

கரன்ட் போனதை டயோடுக்கு முன்பக்கம் கவனியுங்கள். பின்பக்கம் பார்த்தால் கெப்பாசிட்டர் உங்களுக்கு உண்மையைச் சொல்லாது. வோல்டேஜ் இறங்கியதும் முதலில் ரிலே, டிஸ்பிளே இரண்டையும் நிறுத்தி, புதிதாக எதையும் எழுதத் தொடங்காமல், திறந்திருக்கும் கோப்பை மூடச் சொல்லுங்கள்.

இதை நான் ஒரு ரைஸ் மில்லில் கற்றுக்கொண்டேன். டிரையர் சூட்டைப் பதிய நான் வைத்த கருவியிலிருந்து ஒரு மாதக் கணக்கு முழுக்கப் போனது. கெப்பாசிட்டர் கணக்கை நான் போடவே இல்லை. மில்காரர் திட்டவில்லை, "அந்த மாத நெல்லுக்கு நான் யாரிடம் கணக்குக் காட்டுவது?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு எந்தக் கருவியையும் பட்டறையில் ஐந்நூறு தடவை சப்ளையைப் பிடுங்கிப் பார்க்காமல் வெளியே அனுப்புவதில்லை. ஒரு ரிலேயும் டைமரும் இருந்தால் இரவில் அதுவே பிடுங்கிப் பிடுங்கிப் போடும். நீங்களும் செய்யுங்கள்.

வேதாரண்யம், இறால் பண்ணை: குளத்து ஆக்சிஜன் அளவைப் பதிகிறோம். வாரம் ஒருமுறை கார்டை எடுப்போம். பித்தளைக் கால்களில் பச்சை பிடிக்கிறது. ரப்பரால் தேய்த்தால் வேலை செய்கிறது, ஆனால் அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் போய்விடுகிறது.

ஐயா, தயவுசெய்து ரப்பரை விட்டுவிடுங்கள். அது பித்தளை இல்லை. செம்புக்கு மேல் நிக்கல், அதற்கு மேல் மெல்லிய தங்கப் பூச்சு. தேய்க்கத் தேய்க்கத் தங்கம் போகிறது. உப்புக் காற்று நேரே செம்பில் படுகிறது. நீங்கள் பார்க்கும் பச்சை செம்பின் களிம்புதான். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு ஒற்றி எடுங்கள், போதும்.

உங்கள் ஊருக்கு மைக்ரோ எஸ்டி ஏற்றதில்லை என்பது என் முடிவு. முடி போன்ற எட்டு ஸ்பிரிங் கால்கள். ஒன்றில் உப்புப் படிந்தாலும் வேலை நின்றுவிடும். ஐபட்டன் பாருங்கள். பெரிய சட்டைப் பொத்தான் அளவில், துருப்பிடிக்காத எஃகு டப்பிக்குள் சிப். இணைப்பு இரண்டே இரண்டு. ஈரக் கையோடு எடுத்து வேட்டியில் துடைத்துவிட்டு வைத்தால் படிக்கும். டிஎஸ்1996 வகையில் 8 கேபிதான் இடம், ஆனால் 15 நிமிடத்துக்கு 8 பைட் என்றால் நாளைக்கு 768 பைட். பத்து நாள் தாராளமாக அடங்கும். அதிகம் வேண்டுமென்றால் சாவி வடிவ மெமரி இருக்கிறது, டேட்டாகீ மாதிரி. கெட்டிப் பிளாஸ்டிக்கில் வார்த்தது, பைக் சாவி போலச் செருகித் திருப்பலாம். விலை கூடுதல், அலுவலகத்துக்குத் தனி ரீடரும் வாங்க வேண்டும்.

திருவாரூர், எடைத்தராசு சர்வீஸ்: நெல் எடை போடும் இடத்தில் பென்டிரைவ் வைக்கலாமா சார்?

வேண்டாம். சாதாரண யுஎஸ்பி ஏ இணைப்புக்கு விதிமுறைப்படி 1,500 தடவைதான் உத்தரவாதம், எஸ்டி கார்டுக்கு 10,000. தினம் இரண்டு முறை செருகினால் பென்டிரைவ் சாக்கெட் இரண்டு வருடம். உமித்தூசி அதற்குள் அதை முடித்துவிடும். எதை வைத்தாலும் சாக்கெட்டைத் தனிச் சின்ன போர்டில் வையுங்கள். தேய்ந்தால் அதை மட்டும் மாற்றலாம்.

மயிலாடுதுறை: ஈஈபிராமில் (கரன்ட் போனாலும் மறக்காத சின்ன மெமரி சிப்) 10 செகண்டுக்கு ஒருமுறை மொத்த மின் யூனிட் எண்ணிக்கையை எழுதுகிறேன். நாலு மாதத்தில் தவறான எண் வருகிறது.

பத்து லட்சம் தடவை தாங்கும் சிப். நாளைக்கு 8,640 தடவை எழுதுகிறீர்கள். 115 நாள். சிப் தன் கடமையைச் செய்து முடித்துவிட்டது. எஃப்ராம் போடுங்கள், அதுவும் கரன்ட் போனாலும் மறக்காத சிப்தான், கோடி கோடி தடவை எழுதலாம், எழுதிய பிறகு காத்திருக்கவும் வேண்டாம்.

தஞ்சாவூர், போர்டு டிசைன் செய்பவர்: இண்டஸ்ட்ரியல் கார்டு பல மடங்கு விலை. உண்மையில் வித்தியாசம் இருக்கிறதா, அல்லது பெயர்தானா?

இருக்கிறது மேடம். ஒரு செல்லில் ஒரு பிட் வைக்கும் எஸ்எல்சி 50,000 தடவைக்கு மேல் தாங்கும். மூன்று பிட் திணிக்கும் டிஎல்சி பொதுவாக 1,000 முதல் 3,000. சித்திரை வெயிலில் இரும்புப் பேனல் பெட்டிக்குள் கை வைத்துப் பார்த்திருப்பீர்கள். இண்டஸ்ட்ரியல் கார்டு மைனஸ் 40லிருந்து 85 டிகிரி வரை தாங்கும். ஆனால் நான் காசு கொடுப்பது இன்னொன்றுக்கு: உள்ளே இருக்கும் சிப்பையும் கன்ட்ரோலரையும் சொல்லாமல் மாற்ற மாட்டார்கள். கடைக் கார்டில் மேலே அதே ஸ்டிக்கர் இருக்கும், உள்ளே வேறு சரக்கு. வாங்கியதும் சிஐடி ரெஜிஸ்டரை, அதாவது கார்டுக்குள் பதிந்திருக்கும் அடையாள எண்ணை, படித்துக் குறித்து வையுங்கள். எஃப்3 மென்பொருளால் முழுக்க எழுதிப் பாருங்கள், போலிக் கொள்ளளவு அங்கேயே தெரிந்துவிடும்.

நாகப்பட்டினம்: 4ஜி சிம் போட்டால் இதெல்லாம் எதற்கு?

சிம்மும் போடுங்கள். ஆனால் 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையேறியபோது நீங்களும் இங்கேதான் இருந்திருப்பீர்கள். பல ஊர்களில் வாரக்கணக்கில் கரன்ட் இல்லை, டவரும் பேசவில்லை. கருவி பேட்டரியில் ஓடி உள்ளே எழுதிக்கொண்டிருந்தால், சைக்கிளில் போய் எடுத்துவரலாம்.