சதுரக் கம்பியை முறுக்குதல்: தொடக்கநிலைக் கொல்லர்களுக்கான கேள்வி பதில்

சதுரக் கம்பியைச் சூடாக்கி அலங்காரத்துக்காக முறுக்குவது குறித்துப் பட்டறை வேலைக்குப் புதியவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். எந்த வெல்டிங் இயந்திரம் வாங்கலாம் என்று கேட்டவர்கள் கடைக்காரரிடமே கேட்டுக்கொள்ளலாம். பதில்களுக்குள் போகுமுன் ஓர் எச்சரிக்கை: துத்தநாகம் பூசிய ஜி.ஐ. கம்பியையோ குழாயையோ எக்காரணம் கொண்டும் உலையில் வைக்காதீர்கள்.

கேள்வி: முதன்முதலாக முறுக்கிப் பழக எந்தக் கம்பி ஏற்றது, ஐயா? வீடு கட்டியதில் மிஞ்சிய டி.எம்.டி. கம்பி நிறைய இருக்கிறது.

இரும்புக் கடையில் 12 மி.மீ. ஸ்கொயர் ராடு என்று கேட்டால் கிடைக்கும் சாதாரண மைல்டு ஸ்டீல் போதும். ஐ.எஸ். 2062 தரத்தில் பரவலாக விற்கப்படும் இந்த எஃகில் கரி (கார்பன்) 0.23 சதவீதத்துக்கு மேற்படாது என்பதால், சூட்டில் இணங்கி வரும். சூடாக இருக்கும்போது தண்ணீர் பட்டாலும் வெடிக்காது. டி.எம்.டி. கம்பி உருண்டையானது. உருண்டைக் கம்பியை எவ்வளவு முறுக்கினாலும் கண்ணுக்கு எதுவும் தெரியாது, ஏனெனில் முறுக்கைக் காட்டுவதே கம்பியின் விளிம்புகள்தான். அதை முதலில் சதுரமாக அடித்துக்கொள்ளலாம் என்றாலும், மேலிருக்கும் வரிப்புடைப்புகள் மடிந்து உள்ளே பிளவுகளாகத் தங்கிவிடும். கான்கிரீட்டுக்கு வாங்கியது கான்கிரீட்டுக்கே போகட்டும்.

கேள்வி: என் கம்பியில் முறுக்கு ஓரிடத்தில் நெருக்கமாகவும் இன்னோரிடத்தில் அகலமாகவும் விழுகிறது. கையின் வேகத்தில் தவறா?

கைக்கும் இதற்கும் சம்பந்தம் மிகக் குறைவு. முறுக்கு எங்கே விழ வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது சூடு. கம்பியில் எந்த இடம் மிகச் சூடாக இருக்கிறதோ அந்த இடமே மிக மென்மையானது. நீங்கள் திருப்பும் திருப்பு முழுவதையும் அதுவே முதலில் வாங்கிக்கொள்ளும், பக்கத்தில் சற்றே மங்கலாக இருக்கும் பகுதி அசையாமல் நிற்கும். ஆகவே முறுக்க வேண்டிய நீளம் முழுவதும் ஒரே நிறத்தில், பிரகாசமான ஆரஞ்சில், ஏறத்தாழ 1000 டிகிரி செல்சியஸில் இருந்தால்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

கரி உலையில் இதைச் செய்வதற்குப் பொறுமை வேண்டும். காற்று நேரே படும் இடத்தில் கம்பி வெகுவிரைவில் மஞ்சளாகும், இரு பக்கமும் சிவப்பாகவே நிற்கும். பிளோயரைக் குறைத்துக் கம்பியை முன்னும் பின்னும் நகர்த்தி, நான்கு முகங்களையும் மாற்றி மாற்றிக் காட்டி, கடைசியில் காற்றை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் அப்படியே விட்டால், சூடு கம்பிக்குள் தானாகப் பரவிச் சமமாகும். பெரும்பாலான தொடக்கநிலையாளர்கள் தவிர்ப்பது இந்தக் கடைசிக் காத்திருப்பைத்தான். எரிவாயு உலை வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு.

உலையிலிருந்து எடுத்ததும், சூட்டில் மேலே படியும் ஆக்சைடுச் செதிலைக் கம்பி பிரஷால் தேய்த்து விடுங்கள். இல்லையென்றால் அது முறுக்கின் பள்ளங்களில் சிக்கிக்கொள்ளும். பிறகு வைஸில் பிடித்து, ரெஞ்சை மாட்டி, நிறுத்தாமல் ஒரே சீராகத் திருப்ப வேண்டும். வைஸின் குளிர்ந்த தாடை பக்கத்துச் சூட்டை உறிஞ்சிவிடும் என்பதால், முறுக்கு தொடங்கும் இடம் தாடையை விட்டு ஓர் அங்குலமாவது தள்ளியிருக்கட்டும். ஓரிடம் மற்றவற்றை முந்திக்கொண்டு நெருங்குவதைக் கண்டால் மூக்குள்ள குவளையால் அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் விடுங்கள். அது இறுகி நின்றுவிடும், மீதிப் பகுதி திரும்பும். இந்த ஒரு உத்தியைப் பழகியவர் பாதி வேலையைக் கற்றவர்.

வளைந்துவிட்ட கம்பியை மீண்டும் சிவக்கவைத்து, மரக்கட்டையின் மேல் கிடத்திக் கொட்டாப்புளியால் தட்டி நேராக்குங்கள். இரும்புச் சுத்தியல் பட்டால் விளிம்புகள் நசுங்கி முறுக்கின் கூர்மை போய்விடும்.

கேள்வி: பைப் ரெஞ்சால் முறுக்கலாமா? கம்பி ஒரு பக்கமாக வளைந்துகொண்டே போகிறது.

ஒரே கைப்பிடியுள்ள எந்தக் கருவியும் கம்பியைத் திருப்புவதோடு பக்கவாட்டிலும் இழுக்கும், வளைவது அதனால்தான். அத்துடன் பைப் ரெஞ்சின் பற்கள் சூடான கம்பியில் ஆழமாகப் பதியும். பழைய ஸ்பானர் ஒன்றின் தலைக்கு மறுபுறம் அதே நீளத்தில் இன்னொரு கைப்பிடியை வெல்டு செய்து, இரண்டு கைகளாலும் சமமாகத் திருப்புங்கள். கனமான பட்டையில் 13 மி.மீ. சதுரத் துளை போட்டு இரு பக்கமும் கைப்பிடி வைத்தாலும் அதே பயன் தரும்.

கேள்வி: மாடிப்படிக் கைப்பிடிக்கு வாங்கிய ஜி.ஐ. சதுரக் குழாயை முறுக்க முடியுமா? பூச்சு எரிந்து போய்விடும் என்கிறார்கள்.

எரிந்து போகும், போகிற வழியில் உங்கள் நுரையீரலுக்குள்ளும் போகும். துத்தநாகம் 907 டிகிரியில் கொதிக்கிறது. நாம் வேலை செய்யும் சூடு அதற்கும் மேல். எழும் வெண்புகையைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரம் கழித்துக் குளிர்சுரம், உடல்வலி, குமட்டல் எல்லாம் வரும். அன்றைக்குச் சும்மா இருந்துவிட்டு இரவில் படுத்துவிடுவதால், காரணம் உலைதான் என்பது பலருக்குத் தெரிவதே இல்லை. மேலும் உள்ளே வெற்றிடமான குழாய் முறுக்கினால் சப்பையாகிவிடும். இரண்டு காரணங்களுக்காகவும் வேண்டாம்.

கேள்வி: முறுக்கு சமமாக வரவில்லை. ரெஞ்சை மெதுவாகத் திருப்ப வேண்டுமா?

இரண்டாம் கேள்விக்கான பதிலைப் படிக்கவும்.

கேள்வி: நான் கிரில் பட்டறை நடத்துகிறேன். 12 மி.மீ. கம்பியை மெஷினில் பச்சையாகவே, சூடே இல்லாமல் முறுக்குகிறோம். நூறு கம்பிகளும் அச்சில் வார்த்ததுபோல் ஒரே மாதிரி இருக்கும். நீங்கள் உலை, தண்ணீர், கொட்டாப்புளி என்று எழுதுவது பழம்பெருமை அல்லவா, அண்ணே? பச்சை முறுக்கால் இரும்புக்குப் பலமும் கூடுகிறது. அந்தக் காலத்தில் கான்கிரீட்டுக்குப் போட்ட டார் ஸ்டீல் கம்பியை முறுக்கித்தானே செய்தார்கள்?

நீங்கள் சொல்வதில் பாதிக்கு மேல் சரி என்பதால் விரிவாகவே பதில் சொல்கிறேன். குளிர்ந்த கம்பி முழுவதும் ஒரே வெப்பநிலையில் இருப்பதால் முறுக்கு இயல்பாகவே சமமாகப் பரவும். ஓரிடம் முதலில் இளகித் திரும்பினால் அந்த இடம் திரும்பியதாலேயே இறுகிவிடும், அடுத்த இடம் திரும்பத் தொடங்கும். சூடான கம்பிக்கு இந்தத் தற்காப்பு கிடையாது. ஆகவே நீளமான, ஒரே மாதிரியான, நெருக்கம் குறைந்த முறுக்குகள் வேண்டுமென்றால் பச்சை முறுக்கே சிறந்தது, அதற்கு மெஷின்கூடத் தேவையில்லை. 12 மி.மீ. மைல்டு ஸ்டீலைத் திருப்பத் தொடங்க ஏறத்தாழ 80 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை போதும். மையத்திலிருந்து ஓர் அடி நீளமுள்ள இரு கைப்பிடிகளில், கைக்குச் சுமார் 14 கிலோ அழுத்தம். இறுக இறுக அது கூடும், ஆனாலும் இரண்டு பேரால் முடியும். 20 மி.மீ. கம்பிக்கோ இது நாலரை மடங்குக்கு மேல் ஆகும், ஏனெனில் தேவையான விசை கனத்தின் மும்மடியாகப் பெருகுகிறது.

பலம் கூடுவதும் உண்மையே. எர்னஸ்ட் ரான்சம் 1884 இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது இதற்குத்தான்: சதுரக் கம்பியைப் பச்சையாக முறுக்கிக் கான்கிரீட்டுக்குள் வைத்தால் பிடிப்பும் கிடைக்கும், தாங்குதிறனும் கூடும். சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்காவில் 1889 இல் அவர் கட்டிய ஆல்வர்டு ஏரிப் பாலம் அத்தகைய கம்பிகளைக் கொண்டது. ஆனால் கூடிய பலத்துக்கு விலையாக இழுபடும் தன்மையைக் கொடுத்துவிடுகிறோம். 12 மி.மீ. சதுரத்தில் 50 மி.மீ.க்கு ஒரு முழுச் சுற்று என்று முறுக்கினால், விளிம்பு சுற்றிச் செல்லும் பாதை 73 மி.மீ. ஆகிறது, அதாவது நேராக இருந்ததைப் போல் ஒன்றரை மடங்கை நெருங்குகிறது. அதைவிட நெருக்கினால் பச்சைக் கம்பியின் விளிம்பில் மயிரிழைப் பிளவுகள் தோன்றும் வாய்ப்பு அதிகம். அதே கம்பியைப் பிறகு சுருளாக வளைக்கவோ நுனியைக் கூராக்கவோ எப்படியும் உலைக்குத்தான் போக வேண்டும், போனவுடன் நீங்கள் சேர்த்த பலம் கரைந்துவிடும். கம்பியின் நடுவில் நான்கு அங்குலம் மட்டும் முறுக்கு வேண்டும், இருபுறமும் வழுவழுப்பாக இருக்க வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்டால், அந்த இடத்தை மட்டும் சிவக்கவைப்பதுதான் எளிய வழி.

கேள்வி: கட்டுமானப் பொறியாளன் என்ற முறையில் குறுக்கிடுகிறேன். டார் ஸ்டீல் துருப்பிடிக்கிறது என்றுதான் கைவிட்டார்கள். அப்படியானால் பச்சையாக முறுக்கிய கிரில்லும் கெடுதல்தானே?

முறுக்கிய கம்பியில் உள்ளே தங்கும் இறுக்கம் அரிப்புக்கு ஓரளவு துணைபோகும் என்பதை மறுக்கவில்லை. டி.எம்.டி. அதன் இடத்தைப் பிடித்ததற்கு இழுபடும் தன்மை கெடாமல் பலம் கிடைத்ததும் முக்கியக் காரணம். எனினும் கான்கிரீட்டுக்குள் பாரம் தாங்கும் கம்பியையும் பெயின்ட் அடித்துச் சன்னலில் நிற்கும் கம்பியையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. கிரில் துருப்பிடிப்பது பெரும்பாலும் முறுக்கின் பள்ளங்களில் பிரஷ் எட்டாததாலும், கீழ்ச்சட்டத்தில் மழைநீர் தேங்குவதாலும். சூடாக முறுக்கினாலும் அந்தப் பள்ளம் அங்கேதான் இருக்கும்.

கேள்வி: அப்படியென்றால் பச்சை முறுக்கே போதும் என்று ஒப்புக்கொள்கிறீர்களா, அண்ணே? (கிரில் பட்டறை நண்பரே மீண்டும்.)

நேரான கம்பிக்கு, நெருக்கம் குறைந்த முறுக்குக்கு, ஆம். கீழே வரும் இரண்டு முறுக்குகளை உங்கள் மெஷினில் செய்துகாட்டுங்கள், மீதியையும் ஒப்புக்கொள்கிறேன். இதே விவாதத்தைத் தொடர்ந்து இன்னும் பலர் எழுதியிருக்கிறார்கள். புதிதாக எதுவும் இல்லாததால் அவற்றை விட்டுவிட்டேன்.

கேள்வி: கூடை முறுக்கு எப்படிச் செய்வது? என்னுடையதில் ஒரு கம்பி மட்டும் வெளியே துருத்திக்கொள்கிறது.

ஆறு அங்குல நீளமுள்ள 6 மி.மீ. உருண்டைக் கம்பிகள் நான்கை ஒன்றாகக் கட்டி, இரு முனைகளையும் ஓர் அங்குலத்துக்கு நன்றாக வெல்டு செய்யுங்கள். நான்கும் இரு முனையிலும் முழுமையாகப் பற்றியிருக்க வேண்டும். துருத்தும் கம்பி பெரும்பாலும் அரைகுறையாகப் பற்றியதுதான். ஒட்டிய முனைகளை அடித்து ஒரே சதுரமாக்கிவிட்டு, நடுப்பகுதியை ஆரஞ்சாக்கி ஒன்று முதல் ஒன்றரைச் சுற்று வரை இறுக முறுக்குங்கள். மீண்டும் சூடேற்றி, எதிர்ப்பக்கமாகத் திருப்பிக்கொண்டே முனைகளை ஒன்றையொன்று நோக்கித் தள்ளினால் கம்பிகள் விரிந்து கூடையாகும். நெருப்பின் பக்கம் இருந்த கம்பி அதிகம் இளகி முதலில் விரியும், ஆகவே இங்கும் சூட்டின் சமநிலைதான் கூடையின் வடிவம். இடைவெளி சிறிது பிசகினால் சிவப்பு மாறுமுன் நீண்ட ஸ்க்ரூடிரைவரை உள்ளே விட்டு நெம்பிச் சரிசெய்யலாம்.

கம்பி கறுத்த பிறகும் நெம்பிக்கொண்டிருக்காதீர்கள். ஏறத்தாழ 200 முதல் 350 டிகிரி வரையிலான நீலச் சூட்டில் மைல்டு ஸ்டீல், முழுக்கக் குளிர்ந்த நிலையைவிடவும் நொறுங்கும் தன்மை கொண்டது.

கேள்வி: அன்னாசி முறுக்கு என்பது என்ன?

சதுரக் கம்பியை ஒரு பக்கமாக நெருக்கமாக முறுக்கி, மறுபடியும் சூடேற்றி, எழுந்து நிற்கும் விளிம்புகளைப் பட்டடையில் தட்டி மீண்டும் சதுரமாக்கி, பிறகு எதிர்ப்பக்கமாக முறுக்குவது. பழைய முறுக்கின் தடங்களும் புதிய விளிம்புகளும் ஒன்றையொன்று வெட்டி அன்னாசித் தோல் போன்ற கட்டங்கள் உண்டாகும். தட்டும்போது சூடு குறைந்தால் விளிம்பு மடிந்து உள்ளே செருகிக்கொள்ளும், அது பிற்பாடு பிளவாக வெளிவரும். இதைவிட எளிது கயிற்று முறுக்கு: நான்கு முகங்களின் நடுவிலும் நீளவாக்கில் உளியால் 2 மி.மீ. ஆழத்துக்குக் கோடிழுத்துவிட்டு முறுக்குங்கள். உளியின் முனை மழுங்கலாக இருக்கட்டும். கூரான வெட்டு முறுக்கும்போது கிழியும்.

கேள்வி: முறுக்கு ஒரே சீராக...

இரண்டாம் கேள்வி. தயவுசெய்து.

கேள்வி: லாரியின் பட்டை வில்லை அறுத்து முறுக்கலாமா?

முறுக்கலாம், ஆனால் மேலே சொன்ன தண்ணீர் உத்தியை அதில் காட்டாதீர்கள். கரி மிகுந்த எஃகு சிவப்பாக இருக்கும்போது தண்ணீர் பட்டால் கண்ணாடிபோல் இறுகி வெடிக்கும்.

கேள்வி: பெயின்ட் இல்லாமல் இரும்பின் நிறத்தையே விட்டுவைக்க வழி உண்டா?

வீட்டுக்குள் இருக்கும் பொருள் என்றால் செதிலைத் தேய்த்துவிட்டு, கைவைக்க முடியாத சூட்டில் தேன்மெழுகைத் தடவுங்கள். ஆளிவிதை எண்ணெயும் பயன்படும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், அது தானாகவே சூடேறித் தீப்பற்றும். விரித்துக் காயவைத்தபின் எறியுங்கள். வெயிலிலும் மழையிலும் நிற்கும் கதவுக்கு மெழுகு பயன்படாது. அதற்கு ரெட் ஆக்சைடும் பெயின்டும்தான். முறுக்கி முடித்தபின் கால்வனைசிங் (துத்தநாகப் பூச்சு) செய்யக் கொடுப்பதில் தவறில்லை, ஆனால் அந்தக் கம்பி மறுபடி உலையைப் பார்க்கக் கூடாது.

கேள்வி: டமாஸ்கஸ் கத்திக்கு அடுக்குகளை முறுக்குவது பற்றி?

அது வேறு கைத்திறன். கத்தி செய்பவரிடம் கேளுங்கள்.

கேள்வி: இரட்டைக் கதவு ஒன்றுக்கு இருபது கம்பிகள் முறுக்க வேண்டும். ஒன்றுபோல் வருவதற்கும், இரு கதவுகளும் கண்ணாடிப் பிம்பம்போல் எதிரெதிராக அமைவதற்கும் என்ன செய்யலாம்?

எல்லாக் கம்பிகளையும் ஒரே நீளத்துக்கு அறுத்து, முறுக்கு தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் சென்டர் பஞ்ச்சால் புள்ளி வைத்துவிடுங்கள். சாக்பீஸ் கோடு உலையில் காணாமல் போகும். சுற்றுகளை வாய்விட்டு எண்ணுங்கள், ரெஞ்சின் ஒரு கைப்பிடியில் அடையாளம் இருந்தால் எண்ணிக்கை தவறாது. முதல் கம்பியை மாதிரியாகப் பக்கத்திலேயே சாய்த்து வைத்து ஒவ்வொன்றையும் அதனோடு ஒப்பிடுங்கள். முறுக்கியபின் கம்பி சற்றே குட்டையாகும், எனவே மாதிரியை முறுக்கி அளந்துபார்த்த பிறகே மற்றவற்றை அறுப்பது நல்லது.

கம்பியின் நடுவில் முறுக்கு திசைமாற வேண்டுமென்றால், இரு முனைகளையும் அசையாமல் பிடித்து நடுவில் ரெஞ்சை மாட்டித் திருப்பினால் போதும். ஒரு பாதி ஒரு புறமாகவும் மறுபாதி எதிர்ப்புறமாகவும் முறுகும். இரண்டு கதவுகளுக்குப் பத்துக் கம்பிகளைக் கடிகாரம் சுற்றும் திசையிலும் பத்தை அதற்கு எதிராகவும் முறுக்கி, தனித்தனியாக அடுக்கி வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே பக்கமாக முறுக்கிவிட்டு, பாதியைத் தலைகீழாக மாட்டினால் எதிர்த்திசை கிடைத்துவிடும் என்று கணக்குப் போடாதீர்கள்: முறுக்கின் திசை எந்த முனையிலிருந்து பார்த்தாலும் ஒன்றேதான், கம்பியைக் கவிழ்த்தால் மாறாது.