முகம் தெரியவில்லை என்றால் சரியா? (வாசகர் கடிதம்)

அன்புள்ள அக்கா,

என் பெயர் போட வேண்டாம். கல்யாணமாகி முதல் வருஷம் முடிந்தபோது கணவருக்குப் பரிசாகக் கொடுக்கலாம் என்று பூட்வார் ஷூட் (உள்ளாடை போன்ற குறைந்த உடையில் எடுக்கும் அந்தரங்கமான போட்டோ ஷூட்) எடுத்துக்கொண்டேன். போட்டோகிராபர் ஒரு பெண்தான். நன்றாக நடந்துகொண்டார், படங்களும் அழகாக வந்தன. இரண்டு மாதம் கழித்து அவருடைய இன்ஸ்டாகிராம் பக்கத்தில் என் படம் ஒன்று வந்திருக்கிறது. பின்பக்கமிருந்து எடுத்தது, முகம் இல்லை, ஆனால் தோளில் இருக்கும் டாட்டூ தெளிவாகத் தெரிகிறது. ஆபீஸில் கூட வேலை பார்க்கும் பெண் "இது நீதானே?" என்று கேட்ட பிறகுதான் எனக்கே தெரியும். நீக்கச் சொன்னதற்கு, "அட்வான்ஸ் கொடுத்தபோது கையெழுத்துப் போட்டீர்களே, போர்ட்ஃபோலியோவுக்கு, அதாவது என் வேலையைக் காட்டும் மாதிரிப் படங்களுக்கு, பயன்படுத்தலாம் என்று அதிலேயே இருக்கிறது, முகமும் தெரியவில்லை, காப்பிரைட்டும் என்னுடையது" என்கிறார். கணவர் விட்டுவிடு என்கிறார். நான்தான் பெரிதுபடுத்துகிறேனா? இனி என்ன செய்வது?

கே., கோவை

அன்புள்ள கே.,

பெரிதுபடுத்தவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "நீயே போய் எடுத்துக்கொண்டதுதானே" என்று இதற்குள் யாராவது சொல்லியிருப்பார்கள், சொல்லாவிட்டாலும் நீங்களே உங்களுக்குள் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். படம் எடுக்க நீங்கள் சம்மதித்தீர்கள். அதை ஊருக்குக் காட்டச் சம்மதித்தீர்களா என்பது தனிக் கேள்வி. சட்டமும் இந்த இரண்டையும் பிரித்துத்தான் வைத்திருக்கிறது. 2013ல் இந்திய தண்டனைச் சட்டத்தில் சேர்ந்த 354சி பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 77ஆவது பிரிவு, அந்தரங்கமான படத்தை எடுக்க ஒரு பெண் ஒப்புக்கொண்டிருந்தாலும் அதை மற்றவருக்குப் பரப்ப ஒப்புக்கொள்ளாதபோது பரப்பினால் அது குற்றம் என்று தனியாக விளக்கமே கொடுக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு உள்ளாடையால் மறைந்த அந்தரங்கப் பகுதிகளையும் சேர்த்துத்தான் பேசுகிறது, 3 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்த்தும் விதிக்கலாம். உங்கள் படம் இதற்குள் வருமா என்பது அதில் என்ன தெரிகிறது, நீங்கள் கையெழுத்துப் போட்ட காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதை ஒரு வக்கீல் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

காப்பிரைட் விஷயத்துக்கு வருகிறேன். போட்டோ எடுக்கும் எங்கள் தொழிலில் இருப்பவர்களிலேயே பலருக்கு இது தெரியாது. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவுப்படி, ஒருவர் காசு கொடுத்துத் தனக்காக எடுக்கச் சொன்ன போட்டோவின் முதல் உரிமையாளர் காசு கொடுத்தவர்தான், வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டிருந்தால் ஒழிய. அமெரிக்காவில் நேர்மாறு, அங்கே பொதுவாக கேமரா பிடித்தவருக்கே உரிமை. நம் ஆட்கள் இணையத்தில் கிடைக்கும் அமெரிக்க ஒப்பந்த மாதிரியை இறக்கி, ஸ்டூடியோ பெயரை மட்டும் மாற்றிப் பயன்படுத்துகிறார்கள், அதனால் அங்கத்திய பழக்கமே இங்கே சட்டம் என்று நம்பிவிடுகிறார்கள். உங்கள் காகிதத்தை எடுத்து, காப்பிரைட் போட்டோகிராபருக்கு என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதவில்லை என்றால் அவர் சொல்வது நிற்காது. எழுதியிருந்தாலும்கூட, படத்தின் உரிமை அவரிடம் இருப்பதால் மட்டும் உங்கள் அந்தரங்கத்தின் மேல் அவருக்கு உரிமை வந்துவிடாது.

அந்தக் கையெழுத்தைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல வேண்டும். அது எப்படி வாங்கப்படுகிறது என்று நமக்குத் தெரியும். அட்வான்ஸை ஜிபேயில் போட்டதும் வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் வரும், அல்லது ஷூட் அன்று காலையில், ஒரு கண்ணுக்கு மட்டும் ஐலைனர் போட்ட நிலையில், "இதில் ஒரு சைன் மட்டும்" என்று அட்டையை நீட்டுவார்கள். கேன்சலேஷன், பேலன்ஸ் தொகை, டெலிவரி தேதி இவற்றுக்கு நடுவே போர்ட்ஃபோலியோ வரி ஒளிந்திருக்கும். அந்த நேரத்தில் ஒரு படம்கூட எடுக்கப்படவில்லை. எந்தப் படம், எவ்வளவு தெரியும், எங்கே வரும் என்று யாருக்கும் தெரியாத ஒன்றுக்கு எப்படிச் சம்மதம் கொடுக்க முடியும்? பெரும்பாலானவர்கள் படிப்பதும் இல்லை, படித்தவர்களும் ஷூட்டே நின்றுபோய்விடுமோ என்று பேசாமல் போட்டுவிடுகிறார்கள்.

நானும் இதே தொழிலில் இருப்பவள். என்னிடம் ஷூட் ஒப்பந்தத்தில் போர்ட்ஃபோலியோ என்ற வார்த்தையே கிடையாது. எடிட் முடிந்து, அவர்கள் எல்லாப் படத்தையும் பார்த்து, வீட்டில் இரண்டு நாள் யோசித்த பிறகு தனியாகக் கேட்பேன். இந்த நம்பர் படம், இன்ஸ்டாகிராமிலா, வெப்சைட்டிலா, ஸ்டூடியோவில் காட்டும் சாம்பிள் ஆல்பத்தில் மட்டுமா, எத்தனை நாளைக்கு என்று ஒவ்வொன்றாக. பதில் வரவில்லை என்றால் வேண்டாம் என்றே எடுத்துக்கொள்வேன், மறுபடி நச்சரிக்க மாட்டேன். படத்தைப் போட அனுமதித்தால் பேக்கேஜில் டிஸ்கவுன்ட் என்று சிலர் கொடுக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காசு கொஞ்சம் இடிக்கிற பெண்தான் அதற்கு ஒத்துக்கொள்வாள்.

முகம் தெரியவில்லை என்ற வாதம் என்னைக் கோபப்படுத்துகிறது. முகத்தை மறைத்தால் முன்பின் தெரியாதவருக்கு நீங்கள் யார் என்று தெரியாது, அவ்வளவுதான். ஆனால் நமக்குப் பயம் தெரிந்தவர்களிடம்தானே! டாட்டூ, மச்சம், ஆபரேஷன் தழும்பு, தாலிச் செயினின் டிசைன், கல்யாணத்துக்கு வாங்கிய வளையல், வீட்டில் எடுத்திருந்தால் கட்டிலும் ஜன்னல் திரையும், இவற்றில் ஒன்று போதும் சித்தி மகளுக்கு. இன்ஸ்டாகிராம் வேறு, போனில் நம்பர் இருப்பவர்கள், ஒரே ஊர்க்காரர்கள் என்று தேடித் தேடி அறிமுகம் செய்துவைக்கும்.

உங்கள் போட்டோகிராபர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. இந்தத் தொழிலில் வேலையைக் காட்டாமல் அடுத்த புக்கிங் வராது, காட்டக்கூடிய படங்களோ குறைவு. அதற்கு வழி இல்லாமல் இல்லை. மாடலுக்குச் சம்பளம் கொடுத்து எடுக்கலாம், விருப்பத்தோடு, பெருமையாகவே அனுமதி கொடுக்கும் பெண்களும் இருக்கிறார்கள். வேண்டாம் என்று சொன்னவரின் முதுகில் அதைக் கட்டக் கூடாது.

இனி என்ன செய்வது. முதலில் போஸ்ட்டின் ஸ்கிரீன்ஷாட், லிங்க், தேதி மூன்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம்தான் பேச்சு. வாட்ஸ்அப்பிலும் மெயிலிலும் எழுத்தாக அனுப்புங்கள்: இந்தப் படத்தை வெளியிடக் கொடுத்த சம்மதம் ஏதாவது இருந்தால் அதைத் திரும்பப் பெறுகிறேன், இத்தனை மணிக்குள் நீக்குங்கள் என்று. 2023ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்கிறது. அதன் பிரிவுகள் படிப்படியாகத்தான் நடைமுறைக்கு வருகின்றன, ஆனாலும் கடிதத்தில் குறிப்பிடுங்கள். அவர் கேட்காவிட்டால் இன்ஸ்டாகிராமிலேயே ரிப்போர்ட் செய்யுங்கள். இப்படிப்பட்ட அந்தரங்கப் படங்களைப் பற்றிச் சம்பந்தப்பட்டவரே புகார் கொடுத்தால் 24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப (ஐடி) விதிகள் சொல்லின. அதற்கும் மேலே போக வேண்டியிருந்தால் தேசிய சைபர் கிரைம் தளம் இருக்கிறது, பெண்கள் சம்பந்தப்பட்ட இத்தகைய புகாரைப் பெயர் சொல்லாமலும் கொடுக்கலாம். 2025ல் ஒரு பெண் வழக்கறிஞரின் அந்தரங்கப் படங்கள் பரவிய வழக்கில், 48 மணி நேரத்தில் நீக்க நடவடிக்கை எடுக்கும்படி சென்னை உயர் நீதிமன்றம் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. அது உங்கள் விஷயத்தைவிட மிகக் கொடுமையான வழக்கு, ஆனால் நீதிமன்றங்கள் இதை அற்பமாகப் பார்ப்பதில்லை என்று தெரிந்துகொள்ளத்தான் சொல்கிறேன்.

கணவர் விட்டுவிடு என்பது பிரச்சினை வளருமே என்ற பயத்தில் இருக்கலாம். மெதுவாகப் பேசுங்கள். முடிவு உங்களுடையது.

இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள்: மீதிப் படங்கள் எங்கெல்லாம் இருக்கின்றன? எடிட்டிங்கை வெளி ஆளுக்குக் கொடுத்தாரா, அந்த ஆளின் கம்ப்யூட்டரில் காப்பி இருக்கிறதா, ஆல்பம் லேபுக்கு அனுப்பிய ஃபைல் என்னவாயிற்று, அசிஸ்டென்ட் போனில் எடுத்தது கூகுள் போட்டோஸில் தானாக ஏறியிருக்கிறதா, மேக்கப் ஆர்ட்டிஸ்ட் தன் பக்கத்துக்கு என்று ரீல்ஸ் எடுத்தாரா. ஃபைல்களை உங்களிடம் கொடுத்துவிட்டு மற்ற இடங்களில் அழித்துவிட்டதாக மெயில் வாங்குங்கள். போஸ்ட்டை நீக்கிய பிறகு அவருடைய ஹைலைட்ஸையும் (இன்ஸ்டாகிராம் பக்கத்தில் சேமித்து வைத்திருக்கும் ஸ்டோரிகள்) வெப்சைட்டையும் ஒருமுறை திறந்து பாருங்கள், போஸ்ட்டை எடுப்பவர்கள் பெரும்பாலும் ஹைலைட்ஸை மறந்துவிடுகிறார்கள்.