திம்பிள் போட்டும் விரல் குத்துகிறதே, எதை வாங்குவது?

கேள்வி: துணித் துண்டுகளை ஒட்டுப்போட்டு, நடுவில் பஞ்சு வைத்து, கையாலேயே ஒரு குவில்ட் தைத்துக்கொண்டிருக்கிறேன். பாதிதான் முடிந்திருக்கிறது, அதற்குள் ஊசியைத் தள்ளித் தள்ளி வலது கை நடுவிரல் புண்ணாகிவிட்டது. துணிக்கு அடியில் வைத்திருக்கும் இடது கை விரல் முழுக்க ஊசிக் குத்து. ஒரு திம்பிள் (தைக்கும்போது விரல் நுனியில் மாட்டிக்கொள்ளும் உறை) வாங்கிப் போட்டுப் பார்த்தேன், ஊசி வழுக்கி வழுக்கி ஓடியது, கழற்றி வைத்துவிட்டேன். எதை வாங்கினால் இந்தத் தொல்லை தீரும்? விலை கூடினதுதான் நல்லதா?

பதில்: முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் இரண்டு கைகளுக்கும் வந்திருப்பது ஒரே வலி இல்லை. மேல்கை விரலில் ஊசியின் காதுப்பக்கம் அழுந்தி அழுந்திப் புண்ணாகிறது, கீழ்க்கை விரலில் ஊசி நுனி குத்துகிறது. இரண்டுக்கும் ஒரே பொருளை வாங்கினால் ஒன்றுக்குக்கூட அது சரிப்படாது. நிறையப் பேர் பணத்தை விடுவது இந்த இடத்தில்தான்.

மேல்கைக்கு உலோகத் திம்பிள்தான் என் முதல் தேர்வு. ஆனால் வாங்கும்போது பளபளப்பைப் பார்க்காதீர்கள், ஊசி வழுக்காமல் நிற்பதற்காக அதன்மேல் இருக்கும் சின்னக் குழிகளைப் பாருங்கள். நான் முதலில் வாங்கியது பூவேலை செய்த அழகான திம்பிள், குழிகள் பேருக்குத்தான் இருந்தன. மூன்று அடுக்குத் துணியை அழுத்தித் தள்ளும்போது ஊசி சறுக்கி நேராகப் பக்கத்து விரலின் நகக்கண்ணில் ஏறிவிட்டது. அந்த வாரம் முழுக்க ஊசியைத் தொடவே முடியவில்லை. உங்கள் திம்பிளில் ஊசி வழுக்குவதற்கும் அநேகமாக இதுதான் காரணம். கடைக்குப் போகும்போது நீங்கள் தைக்கிற ஊசியையே கையோடு எடுத்துப் போங்கள். அதன் காதுப்பக்கத்தைக் குழியில் ஊன்றி, திம்பிளைக் கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள், ஊசி அங்கேயே நின்றால் வாங்கலாம். உச்சியைச் சுற்றி விளிம்பு கொஞ்சம் தூக்கினாற்போல இருந்தால் இன்னும் நல்லது, சறுக்கினாலும் அந்த வரப்பு தடுத்துவிடும். நிக்கல் பட்டால் அரிப்பு வருகிறவர்கள் நிக்கல் பூச்சு உள்ளதை வாங்க வேண்டாம்.

உலோகம் கனமாகத் தெரிகிறது, விரல் வேர்க்கிறது என்றால் தோல் திம்பிளுக்குப் போகலாம். நுனியில் சின்ன உலோகத் தகடு வைத்துத் தைத்ததாகப் பாருங்கள். வெறும் தோல் என்றால் ஊசி ஒரே இடத்தில் ஊன்றி ஊன்றிக் கடைசியில் துளைத்துக்கொண்டு உள்ளே வந்துவிடும். நீள நகம் வைத்திருப்பவர்களுக்கு உச்சி திறந்த திம்பிள் இருக்கிறது, ஆனால் அதில் விரலின் பக்கவாட்டால்தான் தள்ள வேண்டும், நுனியால் தள்ளிப் பழகினவர்களுக்குக் கை வராது. விலையைப் பற்றிக் கேட்டீர்கள். வெள்ளியில் செய்தது பார்க்க அழகுதான், ஆனால் குழி ஆழமான சாதா திம்பிள் செய்கிற வேலையைவிட அது கூடுதலாக ஒன்றும் செய்யாது.

சரி, கீழ்க்கை. அங்கே கனமாக எதையும் மாட்டக் கூடாது. ஊசி நுனி அடித்துணியைத் தாண்டி வந்துவிட்டதா என்று அந்த விரல்தானே சொல்ல வேண்டும், தொட்டதும் மேலே திருப்பிவிட வேண்டும். அந்த உணர்வு போய்விட்டால் தையல் அடித்துணியைப் பிடிக்காமலே ஓடும். விரல் நுனியில் ஒட்டிக்கொள்கிற சின்ன தோல் வட்டுகள் கிடைக்கின்றன, அவை போதும். காசே செலவில்லாத வழி ஒன்றும் உண்டு: ஒரு பழைய ஸ்பூனைத் துணிக்கு அடியில் பிடித்து, ஊசி வந்து அதன் விளிம்பில் பட்டு மேலே திரும்பும்படி தைப்பது. முதல் இரண்டு நாள் கை தடுமாறும், அப்புறம் பழகிவிடும். கொஞ்ச நாளில் விரலும் காய்த்துப்போகும், ஆனால் அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு தைக்க வேண்டிய அவசியமே இல்லை.

திம்பிள் வாங்குவதற்கு முன் உங்கள் ஊசியையும் துணியையும் ஒரு பார்வை பாருங்கள். குவில்டுக்கென்றே 'பிட்வீன்ஸ்' என்று குட்டையான ஊசிகள் விற்கிறார்கள், எண் கூடக்கூட ஊசி சிறிதாகும். புதிதாகத் தைப்பவர்கள் 8 அல்லது 9-இல் தொடங்கலாம். நுனி துணியில் மாட்டி இழுக்கிறதென்றால் மழுங்கிவிட்டது என்று அர்த்தம், தயங்காமல் மாற்றுங்கள். நெசவு நெருக்கமான படுக்கை விரிப்புத் துணியை அடியில் போட்டிருந்தால் எந்தத் திம்பிளும் உங்களைக் காப்பாற்றாது, ஒவ்வொரு குத்துக்கும் விரல் போராட வேண்டியிருக்கும். அதோடு, தைக்கும்போது துணியை விரித்துப் பிடிக்கும் வளையத்தில் அதைத் தபேலா மாதிரி இறுக்கிக் கட்டாதீர்கள். கொஞ்சம் தொய்வாக விட்டால்தான் ஊசியை இறக்கி ஏற்ற வசதியாக இருக்கும், பாதி வலி அதிலேயே குறையும்.

கேள்வி: ஆன்லைனில் திம்பிள் வாங்கினால் அளவை எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: ஒரு காகிதப் பட்டையை நடுவிரலின் நகம் தொடங்கும் இடத்தில் சுற்றி, சுற்றளவை மில்லிமீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் ஒரு முறை, கொஞ்ச நேரம் தைத்த பிறகு ஒரு முறை அளப்பது நல்லது, விரல் வீங்கும். வெறும் 8, 9 என்று எண்ணை மட்டும் நம்பி வாங்க வேண்டாம், ஒருவரின் 8 இன்னொருவரின் 8-ஆக இருப்பதில்லை. மில்லிமீட்டர் கணக்கு போட்டிருக்கிறவரிடமும், மாற்றித் தருகிறவரிடமும் மட்டும் வாங்குங்கள். வந்ததும் போட்டுக்கொண்டு கையைக் கீழே தொங்கவிட்டு உதறுங்கள். விழவும் கூடாது, விரல் நுனி சிவக்கும் அளவுக்குப் பிடிக்கவும் கூடாது.

கேள்வி: ஊசியை வெளியே இழுக்கும்போது கட்டைவிரலும் வலிக்கிறதே, அதற்கும் ஏதாவது வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். பழைய ரப்பர் கையுறையின் விரலை வெட்டி ஆள்காட்டி விரலில் மாட்டிக்கொள்ளுங்கள், ஒரு பலூன் துண்டு இருந்தாலும் சரி. பிடி நன்றாகக் கிடைக்கும், அழுத்திக் கிள்ள வேண்டியதே இல்லை.

இப்போது இருக்கிற புண் ஆறும்வரை அந்த விரலால் தைக்காதீர்கள். சிவந்து, வீங்கி, சூடாக இருந்தாலோ சீழ் வைத்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள், சர்க்கரை நோய் இருப்பவர்கள் சின்னக் குத்தையும் அசட்டையாக விடக் கூடாது. கைக்குக் களிம்பு தடவுவதை இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள், தைக்கும் முன் தடவினால் துணியில் எண்ணெய்க் கறை ஏறும். ரத்தப் பொட்டு பட்டுவிட்டால் உடனே பச்சைத் தண்ணீரில் அலசிவிடுங்கள், வெந்நீர் பட்டால் கறை அப்படியே தங்கிவிடும்.