ஆயா போட்டுவைத்த 3 லட்சம் யாருக்கு?

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் ஊர். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன், மாதம் 24,000 ரூபாய் கைக்கு வருகிறது. என்னை வளர்த்தது அம்மாவைப் பெற்ற ஆயாதான். மாந்தோப்புக் கூலி, புளி உடைக்கிற கூலி என்று சிறுகச் சிறுகச் சேர்த்தவர், போன தை மாதம் தவறிவிட்டார். அவர் பெட்டியில் 3 லட்சம் ரூபாய்க்கு வங்கி டெபாசிட் ரசீது இருந்தது. நாமினி நான். இப்படி ஒன்று இருப்பதே வீட்டில் யாருக்கும் தெரியாது. நான் காலேஜ் முடித்தபோது இரண்டு பவுனில் தோடும் சங்கிலியும் கொடுத்திருந்தார். "விதை ராகியில கை வைக்காத, கடன் வாங்கினா அறுப்புக்குள்ள அடைச்சிடு, காசு வந்தா குந்துமணியாவது தங்கம் வாங்கு, கையில இருக்கிறத யாருகிட்டயும் சொல்லாத." எனக்கு அவர் சொல்லித் தந்தது இதுதான். அவர் சொன்னபடியே 3 லட்சத்தையும் தங்கமாக்கிவிடலாமா? தாத்தா முன்பே போய்விட்டார். மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை.

பதில்: தங்கக் கடைக்குப் போகும் முன் மாமாவிடம் சொல்லுங்கள். ஆயாவின் நான்கு பாடங்களில் கடைசியை நீங்கள் மீறித்தான் ஆக வேண்டும்.

நாமினி என்றால் பணத்துக்குச் சொந்தக்காரர் என்று நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. பணத்தை யார் கையில் கொடுப்பது என்று வங்கிக்குத் தெரிய வேண்டும், அதற்குத்தான் நாமினி. வாங்கிய பிறகு அது சட்டப்படியான வாரிசுகளுக்குச் சேர வேண்டியது. நீங்கள் இந்துக் குடும்பம் என்று வைத்துக்கொள்கிறேன். 1956ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த பெண்ணின் சொத்து கணவருக்கும் மகன், மகள்களுக்கும் சமமாகப் போகும். தாத்தா இல்லாததால் உங்கள் அம்மாவுக்குப் பாதி, மாமாவுக்குப் பாதி. அம்மா உயிரோடு இருக்கும்வரை பேத்திக்குப் பங்கில்லை.

அதனால் பெட்டியை இன்னொரு தடவை நன்றாகத் தேடுங்கள். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. வெறும் நோட்டுத்தாளில் எழுதி, ஆயா கைநாட்டு வைத்து, இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட்டிருந்தாலே செல்லும். "எல்லாம் அவளுக்குத்தான்" என்று வாயால் சொன்னது மட்டும் செல்லாது. தோடும் சங்கிலியும் வேறு கதை. உயிரோடு இருக்கும்போதே உங்கள் கையில் கொடுத்துவிட்டார், அவை உங்களுடையவை.

உயில் இல்லை, ஆனாலும் அம்மாவும் மாமாவும் மனமுவந்து உங்களுக்கே விட்டுக்கொடுத்தால் சந்தோஷம். அதை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தாயோ தாய்மாமனோ கொடுக்கும் அன்பளிப்புக்கு வருமான வரி கிடையாது. அதை டெபாசிட்டில் போட்டால் வரும் வட்டிதான் உங்கள் வருமானத்தோடு சேரும்.

இனி தங்கம். ஆயாவுக்கு அது ஏன் சரிப்பட்டது என்று பாருங்கள். மாசி, பங்குனியில் புளி வேலை, அப்புறம் மாங்காய் சீசன். மாங்காய் ஓய்ந்தால் அடுத்த புளிவரை கூலி நிச்சயமில்லை. அந்த மாதங்களில் சங்கிலியை அடகு வைத்து, புளி வந்ததும் மீட்டிருப்பார். "அறுப்புக்குள்ள அடைச்சிடு" என்றது அதைத்தான். தங்கம் அவருக்கு அழகுக்காக மட்டும் இருந்ததில்லை, அவசரத்துக்குத் திறக்கிற கல்லாப்பெட்டியாகவும் இருந்தது. உங்களுக்கு மாதாமாதம் சம்பளம் வருகிறது. 3 லட்சத்துக்கும் நகை வாங்கினால் செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜிஎஸ்டி என்று வாங்கிய அன்றே ஒரு பகுதி போய்விடும். விற்கும்போது அது திரும்பாது. தங்கம் வேண்டும் என்று மனசு கேட்டால் ஐந்தில் ஒரு பங்கு போதும், அதையும் கோல்டு இடிஎஃப் ஆக, அதாவது பங்குச் சந்தையில் வாங்கி விற்கும் காகிதத் தங்கமாக வாங்குங்கள். ஆயாவின் பழைய நகையைப் புது டிசைனுக்கு மாற்றாதீர்கள்.

விதை ராகிப் பாடத்தை மட்டும் ஒரு எழுத்து மாற்றாமல் பின்பற்றுங்கள். வேப்பிலை போட்டுப் பானையில் கட்டிவைத்த விதையைக் களிக்கு எடுத்தால் அடுத்த ஆடியில் விதைக்க ஒன்றுமிருக்காது. உங்கள் மாதச் செலவு 15,000 ரூபாய் என்றால், ஆறு மாதத்துக்கு 90,000. அவசரத்துக்கான அந்தப் பணம்தான் உங்கள் விதை ராகி. அம்மா, மாமா தருவதிலிருந்தோ, முடியாவிட்டால் சம்பளத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகவோ இதைச் சேர்த்துத் தனி டெபாசிட்டில் வையுங்கள். ஏடிஎம் கார்டு உள்ள கணக்கில் வேண்டாம், கை அரிக்கும். மீதியை எங்கே போடுவது என்பது அதற்குப் பிறகுதான். பத்து வருடம் தொட மாட்டீர்கள் என்றால் மாதம் 2,000 ரூபாய் இண்டெக்ஸ் ஃபண்டில், அதாவது பெரிய கம்பெனிகளின் பங்குகளை மொத்தமாக வாங்கிவைக்கும் ஃபண்டில் போடலாம்.

ஆயா சொல்லாத ஒன்றும் உண்டு. உங்கள் வயதில் வருடம் 436 ரூபாய் கட்டினால் பிரதமரின் ஜீவன் ஜோதி திட்டத்தில் 2 லட்சம் ரூபாய்க்கு ஆயுள் காப்பீடு கிடைக்கும். வங்கிக் கணக்கிலிருந்தே பிடித்துக்கொள்வார்கள். "திரும்பி வராத காசு" என்று ஆயா திட்டியிருக்கலாம். இருந்தாலும் எடுங்கள்.

யாரிடமும் சொல்லாமல் வைப்பவர் ஒரே இடத்தில் வைத்திருப்பார் என்பது என்ன நிச்சயம்? நூறு நாள் வேலைச் சம்பளம், முதியோர் உதவித்தொகை வந்த கணக்குகளில் மீதி இருக்கலாம். பத்து வருடமாகக் கேட்பாரற்றுக் கிடக்கும் வங்கிப் பணத்தை ரிசர்வ் வங்கியின் 'உத்கம்' இணையதளத்தில் பெயர் போட்டுத் தேடலாம். அஞ்சலகக் கணக்கு அதில் வராது, அதற்கு ஊர் போஸ்ட் ஆபீஸில் நேரில்தான் கேட்க வேண்டும். இறப்புச் சான்றிதழ் நகல் நான்கைந்து எடுத்துக்கொண்டு போங்கள், மாமாவையும் கூட்டிக்கொண்டு.