ஏணி வாங்கியவருக்கு இன்னோர் ஏணி

ஆன்லைன் கடைகள் நமக்குப் பொருள் பரிந்துரைக்கிற 'உங்களுக்காக' பகுதியைப் பற்றிச் சென்ற இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். இத்தனை பேர் மனதுக்குள் பொருமிக்கொண்டிருந்தது அப்புறம்தான் தெரிந்தது. இந்த இதழ் முழுக்க அதற்கு வந்த கடிதங்களுக்கே.

கே: வீட்டுக்கு ஓர் அலுமினிய ஏணி வாங்கினேன். அன்றிலிருந்து ஏணி ஏணியாகக் காட்டுகிறார்கள். ஏணி வாங்கியவனுக்கு எதற்கு இன்னோர் ஏணி?

ப: முதல் ஏணியில் ஏறுவதற்காக இருக்கலாம்.

சரி, விளையாட்டு போதும். நீங்கள் ஏணியைப் பார்த்தது ஒரு கடையில், வாங்கியது வேறு கடையில் என்றால், முதல் கடையைப் பொறுத்தவரை நீங்கள் இன்னும் ஏணி இல்லாமல் தவிக்கிற மனிதர்தான். உங்கள் பிரவுசரில் குக்கீ என்கிற சின்ன அடையாளக் குறிப்பை விட்டுவைத்து, நீங்கள் செய்தி படிக்கப் போனாலும் விளம்பரமாகக் கூடவே வருவார்கள். நீங்கள் வாங்கிவிட்ட சேதி அவர்கள் காதுக்கு எட்டுவதில்லை.

வாங்கிய கடையே காட்டினால்? அங்கேதான் கணக்கு சுவாரஸ்யமாகிறது. யாரோ ஒருவர் இன்று ஏணி வாங்குவதற்கு எவ்வளவு வாய்ப்பு? ஏறக்குறைய இல்லை. நேற்று வாங்கியவரோ, உயரம் போதவில்லை என்று அதைத் திருப்பி அனுப்பிவிட்டு வேறொன்று எடுக்கலாம்; தம்பி வீட்டுக்கும் ஒன்று அனுப்பலாம். இதுவும் சொற்ப வாய்ப்புதான். ஆனால் முன்னதைவிடப் பெரிய சொற்பம். பரிந்துரைக்கிற இயந்திரம் அதைப் பிடித்துக்கொள்கிறது. எத்தனை பேர் சிரித்தாலும் அதற்கு நஷ்டமில்லை, காட்டுவதற்குச் செலவு அவ்வளவு குறைவு. சோப்பு தீரும், ஏணி தீராது என்பதை யாராவது அதற்குத் தனியாகச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

கே: உங்களுக்கு இப்படி நேர்ந்ததுண்டா?

ப: நேர்ந்ததுண்டாவா! மாமனாருக்கு முழங்காலில் ஆபரேஷன் முடிந்ததும் என் கணக்கிலிருந்து ஒரு கைத்தடி வாங்கினேன். அடியில் நான்காகப் பிரிந்து தானாக நிற்கும் தடி. மறுநாள் காலை திறந்தால், மாத்திரைகளைக் கிழமைவாரியாகப் போட்டுவைக்கும் டப்பா, குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, பெரிய பெரிய எண்கள் போட்ட போன், காது கேட்கும் கருவிக்கான பேட்டரி. ஒரே ராத்திரியில் எனக்கு எண்பது வயது.

அதே வாரம் என் மகள் அதே கணக்கில் ஒரு ஜோடி ரோலர் ஸ்கேட் வாங்கினாள். தளம் அசரவில்லை. இரண்டையும் கூட்டிப்பார்த்து முழங்கால் உறை காட்டியது. எண்பது வயதில் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பறக்கும் ஒருத்தியை மனதில் வரைந்துவிட்டது போலிருக்கிறது. யோசித்தால் தப்பும் இல்லை. அப்படி ஒருத்தி இருந்தால் அவளுக்கு முழங்கால் உறை கட்டாயம் வேண்டும். அதற்குத் தெரிந்தது ஒரு கணக்கு. அதற்குப் பின்னால் மூன்று பேர் இருப்பது தெரியாது.

கே: 'இதை வாங்கியவர்கள் இதையும் வாங்கினார்கள்' என்கிறார்களே, நிஜமாகவே வாங்கினார்களா, கதையா?

ப: நிஜமாக வாங்கியதை வைத்துப் போடுவதற்கென்று ஒரு முறையே இருக்கிறது. அமேசானில் வேலை பார்த்த கிரெக் லிண்டன், பிரென்ட் ஸ்மித், ஜெரமி யார்க் ஆகிய மூவரும் 2003இல் அதை ஒரு கட்டுரையாகவே எழுதினார்கள். உங்களைப் போன்ற ஆளைத் தேடிக்கொண்டிருந்தால், கோடிக்கணக்கான வாடிக்கையாளர்களுக்கு நடுவே பக்கம் திறப்பதற்குள் விடிந்துவிடும். அதனால் ஆளுக்கு ஆள் பார்ப்பதை விட்டு, பொருளுக்குப் பொருள் பொருத்தம் பார்த்தார்கள். எந்தப் பொருளோடு எந்தப் பொருள் ஒரே ஆளின் கைக்குப் போகிறது என்ற பட்டியலை முன்கூட்டியே தயாராக வைத்துக்கொண்டால், நீங்கள் வந்ததும் எடுத்து நீட்டினால் போதும்.

கூத்து எங்கே நடக்கிறது என்றால், அதிகம் விற்காத பொருளில். வயலின் வில்லுக்குத் தேய்க்கிற ரோசின் கட்டியை ஒரு கடையில் மொத்தமே மூன்று பேர்தான் வாங்கினார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் இரண்டு பேர் வீட்டில் எலி. அவ்வளவுதான், சங்கீதத்துக்கும் எலிப்பொறிக்கும் உறவு ஏற்பட்டுவிட்டது.

கே: 'கவிதை நூல்' என்று தமிழில் தேடினேன். தையல் நூல்கண்டு பத்து நிறத்தில் வந்தது. கூடவே ஊசி வேண்டுமா என்றும் கேட்டது.

ப: பஞ்சை நூற்பதும் சொல்லை நூற்பதும் ஒன்றுதான் என்று நம் பழைய இலக்கணக்காரர்களே சொல்லிவிட்டார்கள். இயந்திரம் அதைக் கொஞ்சம் ஆழமாக நம்பிவிட்டது. விற்பனைச் சரித்திரம் ஏதும் இல்லாத புதுப் பொருளென்றால், அதற்குப் பிடித்துக்கொள்ள வெறும் சொல்தான் உண்டு. 'சட்டம்' என்று தேடுகிற வக்கீல்களுக்குப் புகைப்படச் சட்டம் வராமல் இருந்தால் சரி.

கே: இத்தனை பெரிய கம்பெனிகள், இத்தனை மூளைகள். ஏன் இன்னும் சரிசெய்ய முடியவில்லை?

ப: கடை இல்லை, சினிமா வாடகைக்கு விட்ட கம்பெனி ஒன்றின் கதை சொல்கிறேன். யார் எந்தப் படத்துக்கு எத்தனை நட்சத்திரம் போடுவார் என்று தங்களைவிட 10 சதவீதம் சரியாக ஊகிப்பவருக்கு 10 லட்சம் டாலர் என்று நெட்பிளிக்ஸ் 2006இல் அறிவித்தது. உலகம் முழுக்க முட்டி மோதினார்கள். அந்த 10 சதவீதத்தைத் தொட 2009 ஆகிவிட்டது, அதுவும் பல குழுக்கள் ஒன்றுசேர்ந்து. கடைசியில் முதல் பரிசு வாங்கிய முறையை நெட்பிளிக்ஸ் முழுசாகப் பயன்படுத்தவே இல்லை. கிடைக்கிற லாபத்துக்கு அதைக் கட்டி நிறுத்துகிற பாடு கட்டுப்படியாகாது என்று அவர்களுடைய பொறியாளர்களே 2012இல் எழுதினார்கள். ரசனை அப்படிப்பட்ட சங்கதி. நாம் என்ன படம் பார்ப்போம் என்பது நமக்கே ராத்திரி ஒன்பது மணிவரை தெரியாது.

கே: நிறுத்த வழி உண்டா?

ப: பல தளங்களில் நீங்கள் பார்த்த பொருட்களின் பட்டியல் கணக்குப் பக்கத்தில் இருக்கும், வேண்டாததை நீக்கலாம். சிலவற்றில் 'இது பரிசு', 'இதை வைத்துப் பரிந்துரைக்காதே' என்று சொல்லவும் வழி உண்டு. நான் கைத்தடியை நீக்கினேன். கைப்பிடியும் போனும் மறைந்தன. காதுக் கருவி பேட்டரி மட்டும் போக மாட்டேன் என்கிறது. ஒருவேளை நான் அதைச் சத்தமாகச் சொல்லவில்லையோ என்னவோ.

கே: இவ்வளவு கிண்டல் செய்கிறீர்களே, அது காட்டி ஒன்றுகூட வாங்கியதில்லையா? உண்மையைச் சொல்லுங்கள்.

ப: மாத்திரை டப்பா. மாமாவுக்கென்றுதான் வாங்கினேன். "எனக்கு எதுக்கும்மா, ஞாபகம் நல்லாத்தான் இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். போன மாதம் டாக்டர் எனக்கு பிரஷர் என்றார். டப்பா இப்போது என் மேசையில். வெள்ளிக்கிழமை அறையின் மூடி மட்டும் சரியாக மூடாது.