வேட்டியைவிட மெலிசான தார்ப்பாய் எத்தனை வருஷம் வரும்?

கேள்வி: ஓசூரில் வேலை. லீவில் அஞ்செட்டிக்கு வந்தால் எங்கள் மாந்தோப்பில் ஹேமக் கட்டிப் படுப்பேன். மழைக்கு மேலே கட்ட ஒரு சில்நைலான் தார்ப் வாங்கினேன். 20 டெனியர் என்று போட்டிருக்கிறது. அப்பாவின் வேட்டிகூட இதைவிடக் கனம். எத்தனை வருஷம் வரும்?

பதில்: டெனியர் என்பது நூலின் எடைக் கணக்கு. 9,000 மீட்டர் நூல் 20 கிராம் நின்றால் 20 டெனியர். தர்மபுரியில் பட்டுக்கூடு வாங்கி நூல் எடுக்கிறவர்களுக்கு இது பழகின கணக்கு. ‘20/22’ (20-லிருந்து 22 டெனியர் பட்டு நூல்) என்று தூக்கத்தில்கூடச் சொல்வார்கள்.

மெலிசைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சில்நைலான் என்றால் சிலிகான் பூசின நைலான், துணியில் இரண்டு பக்கமும் சிலிகான் ஏறியிருக்கும். கிழிசல் வந்தால் நூல்கள் வழுக்கி, நாலைந்தாகச் சேர்ந்து நின்று தாங்கும். கிருஷ்ணகிரியில் இருபத்திரண்டு வருஷம் லாரித் தார்ப்பாய் தைத்தவன் நான். ஆள் தூக்க முடியாத கேன்வாஸ் பாயிலும் முதலில் பிய்வது துணி இல்லை, கயிறு கட்டும் மூலைதான். உங்கள் தார்ப்பிலும் மூலையைத்தான் பாருங்கள். அங்கே இரட்டைத் துணி வைத்துத் தைத்திருக்க வேண்டும்.

உங்கள் தார்ப்புக்கு மழையைவிட வெயில்தான் எமன். இதை நானே ஒன்றைக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். காவேரிப்பட்டணம் பக்கம் மச்சான் தோப்பில் மாங்காய்க் காவலுக்குப் போய், இரண்டு பெங்களூரா மரத்துக்கு நடுவே தூளி கட்டினேன். (எங்கள் வீட்டில் ஹேமக்கைத் தூளி என்றுதான் சொல்வார்கள், ‘அறுபது வயசுக் குழந்தை’ என்று சிரிப்பும் உண்டு.) ஏப்ரலில் கட்டின தார்ப்பை ஜூன் வரை அவிழ்க்கவில்லை. நான் படுத்தது ராத்திரி மட்டும், துணி பகல் முழுக்க வெயிலில் கிடந்தது. பச்சை வெளுத்து சாம்பலானது. கடைசியில் மடிக்கும்போது கட்டைவிரல் உள்ளே போய்விட்டது. அந்தச் சீசனில் பெய்தது நாலே மழை!

அதனால் வருஷக் கணக்கை விடுங்கள். எத்தனை பகல் வெயிலில் நின்றது என்று எண்ணுங்கள். விடிந்ததும் அவிழ்த்துப் பையில் திணித்துவிட்டால் நிறைய வருஷம் கூட வரும்.

இன்னொன்று, நைலான் தண்ணீர் குடித்து நீளும். ராத்திரி விறைப்பாகக் கட்டினது விடியலில் தொய்ந்து தொங்கும். தொய்ந்த துணி காற்றில் படபடவென்று அடித்து மூலைத் தையலைத் தின்றுவிடும். கயிற்றின் முனையில் சைக்கிள் டியூப் கீற்று ஒன்று கட்டிவிடுங்கள், அது இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பாலியஸ்டர் துணிக்கு இந்தத் தொல்லை இல்லை, வெயிலையும் கூடுதலாகத் தாங்கும். ஆனால் அதே பருமனில் நைலானைவிடச் சீக்கிரம் கிழியும். அடுத்தது வாங்கும்போது, நம்ம ஊர் வெயிலுக்கு, நான் பாலியஸ்டரைத்தான் சொல்வேன்.

அப்புறம், தோப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். அஞ்செட்டிக் காடு யானைக் காடு. வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே கட்டக் கூடாது.

கேள்வி: பரண்மேல் மூன்று வருஷம் வைத்திருந்த கூடாரத் துணி பிசுபிசுவென்று ஒட்டுகிறது, புளித்த வாடை வேறு. துவைத்தால் சரியாகுமா? (தர்மபுரி வாசகி)

பதில்: ஆகாது அம்மா. அது பாலியூரித்தேன் பூச்சு. ஈரமும் சூடும் சேர்ந்தால் அந்தப் பூச்சே உடைந்து பசையாகிவிடும். ஓட்டுக்கு அடியில் பரண் என்றால் கேட்கவே வேண்டாம். காய்கறிச் செடிக்கு நிழல் கட்டப் பயன்படுத்துங்கள். சிலிகான் பூச்சுக்கு இந்த வியாதி வராது. எதுவானாலும் நன்றாகக் காயவைத்து எடுத்து வையுங்கள்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து டைனீமா தார்ப் கொண்டுவருவதாக நண்பர் சொல்கிறார். விலை பல மடங்கு. வாங்கலாமா? (பென்னாகரம் வாசகர்)

பதில்: தோளில் தூக்கிக்கொண்டு நாள் கணக்கில் நடப்பீர்கள் என்றால் வாங்குங்கள். இது நெய்த துணி இல்லை. மெல்லிய பிளாஸ்டிக் படலம் இரண்டுக்கு நடுவே டைனீமா என்ற பாலித்தீன் இழைகளை வைத்து ஒட்டியது. தண்ணீர் குடிக்காது, நீளாது. இழுவைக்குப் பயங்கர உறுதி. ஆனால் உரசினாலும், ஒரே மடிப்பில் திரும்பத் திரும்ப மடித்தாலும் அந்தப் படலம் தேயும், விரிசல் விடும். ஊசி போட்ட ஓட்டை ஓட்டையாகவே நிற்கும், அதனால் தைப்பதைவிட டேப் ஒட்டுவதே மேல். தையல்காரன் நானே சொல்கிறேன். வேலிகாத்தான் முள்ளுக்குப் பக்கத்தில் அதைக் கொண்டு போகாதீர்கள்.

கேள்வி: சில்நைலானில் முள் குத்தின ஓட்டையை எப்படி அடைப்பது? (ஊத்தங்கரை வாசகர்)

பதில்: சாதாரண டேப் அதில் நிற்காது. சிலிகானில் சிலிகான்தான் ஒட்டும். ஹார்டுவேர் கடையில் நிறமில்லாத சிலிகான் சீலன்ட் ஒரு டியூப், பெயின்ட் கடையில் டர்பன்டைன் கொஞ்சம் வாங்குங்கள். பாயசப் பதத்துக்குக் கலந்து, பழைய பிரஷ்ஷால் ஓட்டையைச் சுற்றித் தடவுங்கள். பெரிய கிழிசலானால் அதே துணியில் ஒரு துண்டை வட்டமாக வெட்டி ஒட்டுங்கள், மூலை வைத்து வெட்டினால் அங்கிருந்துதான் உரியும். ஒரு ராத்திரி காய வேண்டும். வினிகர் மாதிரி நெடி அடிக்கும், திண்ணையில் வைத்துச் செய்யுங்கள்.