சாட்சி சொல்ல எழுந்திருக்க வேண்டாம்

அன்புள்ள ஐயா,

2021 ஜூலையில், ஆக்சிஜன் சிலிண்டரை நிரப்ப நானும் மகனும் வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது வீட்டில் என் கணவரின் உயிர் பிரிந்தது. ஞாயிறுதோறும் ஆலயத்துக்குப் போகிறேன். ஸ்தோத்திரம் சொல்ல மட்டும் வாய் வருவதில்லை. எங்கள் மூப்பர், "கசப்பான வேரை முளைக்க விடாதீர்கள்" என்கிறார். வருடக் கடைசி ஆராதனையில் எழுந்து, தேவன் செய்த நன்மைகளை எல்லார் முன்னும் சாட்சி சொல்லவும் கேட்கிறார். மகன் இன்னும் இரவில் அழுகிறான். "அப்பா பரலோகத்தில் இருக்கிறார், அழக்கூடாது" என்று தேற்றுகிறேன். மனம் கசந்துபோகாமல் விசுவாசத்தைக் காத்துக்கொள்வது எப்படி? எந்த அதிகாரத்தை வாசிக்கலாம்? சென்னையில் இருக்கும் தங்கையிடம் போய்விடலாமா?

ரங்கூனிலிருந்து ஒரு சகோதரி

அன்புள்ள சகோதரி,

சென்னைக்குப் போவது வசதியையும் மகனின் படிப்பையும் பொறுத்தது. தங்கையோடு பேசி முடிவு செய்யுங்கள். வாசிக்க 88ஆம் சங்கீதம் போதும். கடைசி வரிவரை இருட்டாகவே முடிகிற சங்கீதம் அது.

மூப்பர் வசனத்தை ஆள் மாற்றி நீட்டியிருக்கிறார். கசப்பான வேரைப் பற்றிய அந்த வசனம், எபிரெயர் 12:15, சபையைப் பார்த்துச் சொல்லப்பட்டது. ஒருவனும் கிருபையை இழந்துபோகாதபடி எல்லாரும் எச்சரிக்கையாயிருங்கள் என்கிறது. நீங்கள் வரிசையில் நின்ற நேரத்தில் உங்கள் கணவர் பக்கத்தில் உட்கார யார் வந்தார்கள் என்று அந்த வசனம் மூப்பரைத்தான் கேட்கிறது.

சில காலமாக எனக்கு அமெரிக்க மிஷனரி ஜட்சன் ஐயரின் நினைவாகவே இருக்கிறது. நம் பிரசங்கங்களில் அவர் 1813இல் ரங்கூனில் வந்து இறங்குவார், பர்மிய அரசரின் தலைநகரான ஆவாவில் சிறையில் விலங்கோடு கிடப்பார், அடுத்த மூச்சில் 1834இல் பர்மிய வேதாகமத்தை மொழிபெயர்த்து முடித்துவிடுவார். நடுவில் கிடந்த வருடங்களை ஒருவரும் தொடுவதில்லை. 1826 அக்டோபரில் மௌல்மீனுக்குத் தெற்கே ஆம்ஹர்ஸ்டில் அவர் மனைவி ஆன் காய்ச்சலில் இறந்தார். உங்களைப் போலவே ஜட்சனும் அப்போது பக்கத்தில் இல்லை. ஆங்கிலேயரின் பேச்சுவார்த்தைக்கு மொழிபெயர்ப்பாளராக ஆவாவுக்குப் போயிருந்தார். ஆறு மாதத்தில் குழந்தை மரியாவும் போய்விட்டாள். பிறகு அவர் காட்டில் குடிசை போட்டுக்கொண்டு தனியே இருந்தார். ஒரு குழியை வெட்டி அதன் ஓரத்தில் உட்கார்ந்து சாவையே நினைத்துக்கொண்டிருந்தார். 1829இல், தேவனை விசுவாசிக்கிறேன், ஆனால் அவரைக் காணவில்லை என்று எழுதினார். இதைச் சொல்லாமல் மொழிபெயர்ப்பை மட்டும் கொண்டாடுகிறவர்கள், துக்கத்தில் கிடக்கிற மனிதனுக்கு ஜட்சனால் கிடைக்கக்கூடிய ஒரே உதவியைத் தடுத்துவிடுகிறார்கள். எனக்கு இதில் ஆற்றாத கோபம் உண்டு.

வேதத்தில் ரூத்தின் புத்தகத்தில் வரும் நகோமியைப் பாருங்கள். கணவனையும் இரண்டு மகன்களையும் மோவாபில் புதைத்துவிட்டு பெத்லெகேமுக்குத் திரும்பியவள், "சர்வவல்லவர் எனக்கு மிகுந்த கசப்பைக் கட்டளையிட்டார்" என்று ஊர்ப் பெண்களின் முகத்துக்கு நேரே சொன்னாள். ஒருத்தியும் அவளைக் கண்டிக்கவில்லை. வேதமும் கண்டிக்கவில்லை. அந்தச் சொல்லை அவள் திரும்பப் பெற்றதாகவும் எங்கும் எழுதியிருக்கவில்லை. கடைசியில் அவள் மருமகள் ரூத்துக்குப் பிள்ளை பிறந்தபோது, கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று சொன்னவர்கள் அந்த ஊர்ப் பெண்கள். நகோமி பிள்ளையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். உங்கள் வாய்க்கு வராத ஸ்தோத்திரத்தை உங்களுக்காகச் சொல்லத்தான் சபை என்று ஒன்று இருக்கிறது.

என் தம்பி மலேரியாவில் இறந்த பிறகு அம்மா ஆலயத்துக்குப் போவதை நிறுத்தவில்லை. பாட்டு தொடங்கினால் எழுந்து நிற்பார். புத்தகம் சரியான பக்கத்தில் திறந்திருக்கும், உதடு அசையாது. அம்மாவுக்கு வருத்தமாக இருக்கும் என்று சபையார் தம்பியின் பெயரைச் சொல்வதையே விட்டுவிட்டார்கள். பக்கத்து வீட்டு பர்மிய அம்மா மட்டும் மாலையில் வந்து, முறத்தை நடுவில் வைத்துக்கொண்டு, அம்மாவோடு பருப்பில் கல் பொறுக்குவார். தம்பி மொஹிங்கா என்ற பர்மிய மீன் நூடுல்ஸில் மீனை ஒதுக்கிவிட்டு வறுத்த பருப்பை மட்டும் தேடித் தின்னுவதைச் சொல்லிச் சிரிப்பார். அம்மாவும் சிரிப்பார், பிறகு அழுவார். அவர் பௌத்தர்; ஒரு வசனமும் தெரியாது. அம்மா கசந்துபோகாமல் தப்பியதற்கு அவர்தான் காரணம் என்று இன்றும் நம்புகிறேன். செத்தவரின் பெயரைச் சொல்ல முடியாத வீட்டில்தான் கசப்பு குடியேறுகிறது.

ஆகவே உங்களைக் கொஞ்சம் கடிந்துகொள்கிறேன். மூப்பர் உங்களுக்குச் செய்ததை நீங்கள் உங்கள் மகனுக்குச் செய்கிறீர்கள். அந்த வரிசையில் அவனும் நின்றான். சிலிண்டரோடு வீடு திரும்பியபோது அவன் என்ன பார்த்தான், என்ன நினைத்தான் என்று என்றாவது கேட்டிருக்கிறீர்களா? கேட்டதாக உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. பரலோகத்தில் இருக்கிறார் என்பது உண்மைதான். நானும் அதை நம்பித்தான் இருக்கிறேன். ஆனால் பிள்ளையின் வாயை அடைக்க அதை எடுக்காதீர்கள். இறந்துபோன லாசருவை உயிரோடு எழுப்பப்போகிறோம் என்று தெரிந்திருந்தும் ஆண்டவர் கண்ணீர் விட்டார். இன்று இரவு அவன் அழுதால் விளக்கைப் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, அப்பாவைப் பற்றிப் பேச விடுங்கள். உங்களுக்கு அழுகை வந்தால் அவன் எதிரிலேயே அழுங்கள்.

டிசம்பர் 31 அன்று சாட்சி சொல்ல எழுந்திருக்க வேண்டாம். மூப்பர் வற்புறுத்தினால் நான்தான் தடுத்தேன் என்று சொல்லுங்கள். அவர் எனக்கு எழுதட்டும், பதில் சொல்கிறேன்.